லோங் பிராஞ்ச் 303: வாங்கலாமோ?

மான்வேட்டை_புதுசு:
வணக்கம். போன மாதம்தான் எனக்குக் கனடாவில துவக்கு லைசென்ஸ் வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா தன்ர 303 (பழைய லீ-என்ஃபீல்ட் ஆமித் துவக்கு) ஒண்டை விக்கப்போறார். முன்கட்டையை வெட்டி வேட்டைத் துவக்காக்கியிருக்கு. இடப்பக்கம் "மார்க் 1 ஸ்டார், லோங் பிராஞ்ச் 1943" எண்டு மங்கலாத் தெரியுது. குழலுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தா ரெண்டே ரெண்டு சுருள்வரிதான். மிச்சம் தேய்ஞ்சு போச்சோ?

ஒன்ராறியோ_அண்ணை:
தம்பி, தேயேல்லை. சண்டை நேரம் கெதியாச் செய்து முடிக்கவேணுமெண்டு அஞ்சு வரிக்குப் பதிலா ரெண்டு வரியோட கன குழல் போட்டவங்கள். நல்லாச் சுடும். 1943 சரியான வருசம்தான், ஆனா அது ரிசீவருக்கு, அதாவது போல்ட் ஓடுற நடு உடம்புக்கு. குழல் பிறகு மாத்தினதாயும் இருக்கலாம். இதைச் செய்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையின்ர ஒரு கட்டடம் மிசிசாகா லேக்‌ஷோர் வீதியில இண்டைக்கும் நிக்குது. ஒருக்காப் போய்ப் பாருங்கோ.

மகசினை (தோட்டாப் பெட்டியை) கழட்டி, தோட்டா அறை வெறுமையோ எண்டு விரல் விட்டுப் பாத்திட்டுத் தொடங்குங்கோ. போல்ட் (தோட்டாவைத் தள்ளி அறையை மூடுற தண்டு) கைபிடிக்குப் பின்னால ஒரு இலக்கம் இருக்கும். ரிசீவர் இலக்கமும் அதுவும் ஒண்டாயிருக்கவேணும். இல்லையெண்டா வேற துவக்கின்ர போல்ட்.

இந்த மார்க் 1 ஸ்டார் மாதிரியில நான் முதல் பாக்கிறது போல்ட் தலை ஓடுற தண்டவாளத்தைத்தான். தலையைக் கழட்ட முன்பக்கம் ஒரு வெட்டு விட்டிருப்பாங்கள். நான் முதன்முதல் வாங்கினதில அந்த வெட்டின்ர மூலை அரைவாசி அரிசிமணி அளவுக்குத் தெறிச்சிருந்தது. கடையில கவனிக்கேல்லை. காட்டுக்குள்ள ரெண்டாம் வெடிக்குப் போல்டை இழுக்க, தலை தண்டவாளத்தை விட்டு மேல கிளம்பிட்டுது. மான் நிண்டு பாத்திட்டுப் போச்சு. அதால நகத்தால தடவிப் பாருங்கோ, கண்ணை நம்பாதேங்கோ.

குளிர்காடு:
அண்ணை சொன்னதோட ஹெட்ஸ்பேஸும் (மூடின போல்ட் தலைக்கும் குழலுக்கும் இடையில தோட்டா விளிம்புக்கு உள்ள இடைவெளி) பாக்கவேணும். துவக்குத் திருத்துறவரிட்டக் குடுங்கோ. 0.074 அங்குல கேஜில (அளவுக் கட்டை) போல்ட் மூடினா, இடைவெளி கூடிப்போச்சு, அப்பிடியே சுடவேண்டாம். போல்ட் தலை 0 முதல் 3 வரை இலக்கம் போட்டு வரும். பெரிய இலக்கம் மாத்திச் சிலவேளை சரிப்படுத்தலாம். குழல் வாயையும் பாருங்கோ, முன்னாலயிருந்து கம்பி விட்டுத் துடைச்சவை கனபேர், அதால வாய் தேஞ்சிருக்கலாம்.

இன்னொண்டு: 2022 மே முதல், விக்கிறவர் உங்கட லைசென்ஸை அரசாங்கத்திட்ட உறுதிப்படுத்தி, அதுக்கான இலக்கம் எடுத்துத்தான் கைமாத்தலாம். தாத்தாவுக்குத் தெரியாமலிருக்கும், சொல்லுங்கோ.

மான்வேட்டை_புதுசு:
இப்பதான் போய்ப் பாத்திட்டு வாறன். இலக்கம் ரெண்டும் ஒண்டு. வெட்டு மூலை நகத்துக்குக் கூராத்தான் இருக்கு. தலையில 1 எண்டிருக்கு. சனிக்கிழமை தாத்தாவும் நானும் கேஜ் போட்டுப் பாக்கக் கொண்டு போறம்.