மேடையில் நம்மை இழிவாகப் பேசினால் எப்படிப் பதில் சொல்வது?

செந்தூல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவில் ஓர் அரசியல்வாதி இந்தியர்களையும் சீனர்களையும் ‘வந்தேறிகள்’ என்று மேடையில் ஏசும் காணொளித் துணுக்கு ஒன்று, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நேற்றிரவு பகிரப்பட்டது. எல்லா இனத்தவரும் இருக்கும் குழு அது. என் தங்கை மகன், பேசியவரை விட்டுவிட்டு அவருடைய இனத்தையே திட்டி எழுதிய பதிலை என்னிடம் காட்டினான். அனுப்ப வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். “வாயை மூடிக்கொண்டு இருப்பதால்தான் மாமா, ஆளாளுக்கு நம்மை ஏறி மிதிக்கிறார்கள்” என்கிறான். அவன் கோபம் நியாயமானது. அடங்கியும் போகாமல், தரமும் தாழாமல் எப்படிப் பதில் சொல்வது?

பட்டர்வொர்த் ஆசிரியை:
வணக்கம் ஐயா. துணுக்கை மட்டும் வைத்து எழுத வேண்டாம். முழு உரையையும் கேளுங்கள். மக்களவையில் பேசியதென்றால், அவை உரைகளின் அதிகாரப்பூர்வப் பதிவான ஹன்சார்ட் நாடாளுமன்றத்தின் இணையத்தளத்திலேயே கிடைக்கும்.

பதிலை மருமகனே எழுதட்டும், ஆனால் மலாயில் எழுதட்டும். அவன் பேச வேண்டியது அந்த அரசியல்வாதியோடு அல்ல, அதே குழுவில் ஒன்றும் சொல்லாமல் படித்துக்கொண்டிருக்கும் அண்டை வீட்டாரோடு. ஏச்சை விட்டுவிட்டு, அதிலுள்ள பொய்யை மட்டும் எடுத்துக்கொண்டு, நாங்கள் அரசியலமைப்புச் சட்டப்படி இந்நாட்டுக் குடிமக்கள் என்பதையும், இங்கே எத்தனை தலைமுறையாக வாழ்கிறோம், தாத்தா எங்கே வேலை செய்தார் என்பதையும் நான்கைந்து வரியில் அவன் சொன்னால் போதும். எங்கள் ஜார்ஜ்டவுனில் இந்திய முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. இவற்றைக் கண்முன் வைத்துக்கொண்டு நாம் குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை.

பழைய கிள்ளான் சாலை:
தம்பியிடம் சட்டத்தையும் சொல்லுங்கள். இனங்களுக்கிடையே பகையை மூட்டும் பேச்சு 1948-ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் குற்றம். முதலில் ஏசியவர் யார் என்பது, பதிலுக்கு ஏசியவனைக் காப்பாற்றாது. 1969 மே மாதத்தில், தேர்தல் முடிந்த கையோடு தெருவில் ஊர்வலம் போனவர்களின் ஏச்சும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் இதே கோலாலம்பூரை இனக் கலவரத்தில் கொண்டுபோய் நிறுத்தின என்பதை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் ஐந்தாவது நெறியாக வைத்தது காரணமில்லாமல் அல்ல.

ஆனால் ஆசிரியை சொன்னதோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. நாகரிகமான நான்கு வரிகள் அண்டை வீட்டாருக்குப் போதும், மேடையில் பேசியவருக்குப் போதா. முழு உரையிலும் அந்தப் பேச்சு அப்படியே இருந்தால், காணொளியின் இணைப்பு, தேதி, அவர் சொன்ன சரியான சொற்கள் ஆகியவற்றோடு போலீஸ் புகார் செய்யுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். பொறுமையாக இருப்பவனுக்கும் புகார் செய்யும் உரிமை உண்டு.

செந்தூல்வாசி:
இருவருக்கும் நன்றி. மலாயில் எழுதச் சம்மதித்துவிட்டான். முழு உரையையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
நல்லது ஐயா. இன்னொன்று: துணுக்கைக் குழுவில் பகிர்ந்தவரிடம் முதலில் தனியாகப் பேசிப் பாருங்கள். அவரும் மனம் நொந்துதான் பகிர்ந்திருக்கக்கூடும்.