"சேஞ்ச்" பண்ணணும் என்றால் எதை? கொழும்பில் காதில் விழுபவை

ஆங்கில டியூஷன், வெள்ளவத்தை

"மாத்து" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சட்டை, சில்லறை, ஒயில், ஸ்கூல், பெயர் எல்லாவற்றையும் நாம் பேசி முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் "சேஞ்ச்"சும் ஏறக்குறைய அதே மாதிரிதான், அதனால் வாய்ப்பேச்சில் தடங்கல் வருவதில்லை. கடிதம், பில், விண்ணப்பம் என்று எழுத உட்காரும்போதுதான் பிள்ளைகளும் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள்.

பழையதுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள். பழையது கையிலேயே இருக்கிறது, கொஞ்சம் திருத்துகிறோம் என்றால் "ஓல்டர்" (alter) அல்லது "மொடிஃபை". பழையது போய்ப் புதியது வந்தால் "ரிப்ளேஸ்". ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினால் "எக்ஸ்சேஞ்ச்". பொருள் அதேதான், இடமோ உரிமையாளரோ மாறினால் "டிரான்ஸ்ஃபர்". உருவம், அளவு, முறை மாறினால் "கன்வர்ட்". களனிவெளி ரயில் பாதை ஒடுக்கமான பாதையாக இருந்து 1990களில் அகலப் பாதையானது; அதற்குச் சரியான சொல் "கன்வர்ட்டட்". தண்டவாளத்தின் அகலம் மாறியது, பாதை அதே பாதைதான்.

"ஐ சேஞ்ச்ட் டு ஜஃப்னா பிராஞ்ச்" என்று வேலை விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். நிர்வாகம் கொடுத்த இடமாற்றம் நாமாகச் செய்வதல்ல. ஆகவே "ஐ வொஸ் டிரான்ஸ்ஃபர்ட்" என்று எழுதுவது நல்லது.

பணம் மாற்றும் கடை, கோட்டை

காசு விஷயத்தில் இரண்டு இடத்தில் பிழை விடுகிறார்கள். பஸ்ஸில் ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்தால் கொண்டக்டர் திருப்பித் தரும் மிச்சக் காசை நாம் "பெலன்ஸ்" என்கிறோம், சிங்களத்தில் "இதுரு சல்லி". கொழும்பில் எல்லோருக்கும் விளங்கும். லண்டனிலோ சிட்னியிலோ அதுக்குப் பேர் "சேஞ்ச்". "பெலன்ஸ்" என்றால் அங்கே கணக்கில் மிஞ்சியிருப்பது, இல்லாவிட்டால் இன்னும் கட்டவேண்டிய பாக்கி. கல்லாவில் நின்று "பெலன்ஸ்" என்று கேட்டால், பாக்கி கட்ட வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தாலும் நினைப்பார்கள்.

சில்லறை என்ற அர்த்தத்தில் வரும்போது "சேஞ்ச்" எப்போதும் ஒருமைதான். "சேஞ்சஸ்" என்றால் மாற்றங்கள், காசு இல்லை. "டூ யூ ஹேவ் சேஞ்ச் ஃபோர் எ தௌசண்ட்?" என்று கேட்கலாம். ஐயாயிரம் ரூபாத் தாளை உடைக்க வேண்டுமென்றால் "கேன் யூ பிரேக் எ ஃபைவ் தௌசண்ட்?"

வெளிநாட்டுக் காசுக்கு "எக்ஸ்சேஞ்ச் டொலர்ஸ் ஃபோர் ருப்பீஸ்" அல்லது "சேஞ்ச் டொலர்ஸ் இன்டு ருப்பீஸ்". முதலாவதில் "ஃபோர்", இரண்டாவதில் "இன்டு". பலகையில் இருக்கும் "பையிங்", "செல்லிங்" இரண்டும் கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதியவை. டொலர் கொண்டுவருபவர் "பையிங்" விலையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாங்குவது கடை. அதைத் தலைகீழாக வாசித்துவிட்டு, காசு குறைகிறது என்று சண்டைக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

உதிரிப்பாகம், பஞ்சிகாவத்தை

கராஜ் பில்லில் "சேஞ்ச்" என்று எழுதவே கூடாது என்பது என் கட்சி. "பிரேக் பேட் சேஞ்ச்ட்" என்று இருந்தால் புதுசு போட்டதா, இடது வலது மாற்றிப் போட்டதா என்று பில்லை வாசிப்பவருக்குத் தெரியாது. புதுசு போட்டால் "ரிப்ளேஸ்ட்", இருந்ததைச் சரிபண்ணினால் "ரிப்பெயர்ட்", கழற்றித் துடைத்து அதையே மாட்டினால் "ரிஃபிட்டட்". சில எஸ்டிமேட்டில் "ஆர் அண்ட் ஆர்" என்று சுருக்கமாகப் போடுகிறார்கள். அது "ரிமூவ் அண்ட் ரிஃபிட்"டா, "ரிமூவ் அண்ட் ரிப்ளேஸ்"ஸா? ஒன்றில் கூலி மட்டும், மற்றதில் சாமான் விலையும் சேரும். இன்சூரன்ஸுக்குக் கொடுக்க முதல் முழுசாக எழுதிவாங்குங்கள். ரிகண்டிஷன் சாமான் போட்டால் அதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "ரிப்ளேஸ்ட்" என்று மட்டும் இருந்தால் பிராண்ட் நியூ என்றுதான் நினைப்பார்கள்.

ஒயில் குறைந்திருக்கிறது என்று கொஞ்சம் ஊற்றினால் அது "டொப் அப்". பழையதை முழுசாக வடித்துப் புதுசு ஊற்றினால்தான் "ஒயில் சேஞ்ச்". இந்த ஒரு இடத்தில் "சேஞ்ச்" சரி, உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆங்கில டியூஷன், வெள்ளவத்தை

உதிரிப்பாகக் கடை நானா சொன்ன "ரிப்ளேஸ்" பற்றி ஒன்று சேர்க்கிறேன். "ரிப்ளேஸ் தி ஓல்ட் பம்ப் வித் எ நியூ வன்": பழையது முதலில், "வித்" போட்டு புதியது. "சப்ஸ்டிடியூட்" என்றால் வரிசை திரும்பிவிடும்: "சப்ஸ்டிடியூட் எ நியூ பம்ப் ஃபோர் தி ஓல்ட் வன்". சமையல் குறிப்பில் இதைக் கவனிக்காமல் எழுதினால், தேங்காய்ப் பாலுக்குப் பதில் பசுப்பால் ஊற்ற வேண்டியவர் பசுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால் ஊற்றிவிடுவார்.

தையல், கொட்டாஞ்சேனை

எங்கள் வேலையில் "ஓல்டர்"தான் சொல், ஆனால் அதை மட்டும் சொன்னால் கத்தரிக்கோல் வைக்க முடியாது. இடுப்பைச் சிறிசாக்க "டேக் இன்", பெரிசாக்க "லெட் அவுட்". நீளத்தைக் குறைக்க "டேக் அப்", மடிப்பை அவிழ்த்து இறக்க "லெட் டவுன்".

"லெட் அவுட்" எல்லாச் சட்டைக்கும் முடியாது. சாரி பிளவுஸில் இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு, ஆக நாலு ஓரம். ஓரத்துக்கு அரை அங்குலம் விட்டால் சுற்றளவு 2 அங்குலம் கூடும். அதற்கு உள்ளே மிச்சத்துணி இருக்க வேண்டும். ரெடிமேட் துணிகளில் பலதிலும் ஓரத்தை ஒட்டி வெட்டி ஓவர்லொக் அடித்திருப்பார்கள், அங்கே அவிழ்க்க ஒன்றுமில்லை. இன்னொன்று, பழைய தையல் இருந்த இடத்தில் கோடு தெரியும். பட்டில் ஊசித் துளையும் அப்படியே நிற்கும். கொடுக்க முதல் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

போர்ட் எழுதுபவர்கள் கவனிக்க: "ஓல்டர்" என்பதில் கடைசி "ஆர்"க்கு முன் "ஈ". அங்கே "ஏ" வந்தால் கோயில் பீடம்.

கடைக்காரர் "பிரிங் எ சேஞ்ச் ஒஃப் குளோத்ஸ்" என்றால் துணியை மாற்றித்தரச் சொல்லவில்லை. மாற்றுடுப்பு ஒன்று கொண்டுவரச் சொல்கிறார்.

மொழிபெயர்ப்பு, அளுத்கடை

சட்டம், ஒப்பந்தம் போன்றவற்றின் வாசகத்தை மாற்றுவதற்கு "அமெண்ட்". 1987இல் வந்த 13ஆவது திருத்தம் "அமெண்ட்மெண்ட்"தான். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை இருந்தால் "கரெக்ட்" என்று கேளுங்கள், "சேஞ்ச்" வேண்டாம். "சேஞ்ச்" என்றால் வேறு பெயர் வைக்கப் போகிறீர்கள் என்றுதான் எடுப்பார்கள். கேட்கும் ஆவணங்களும் வேறாகிவிடும். நாடு, ஊர், வீதிக்கு "ரீநேம்": 1972இல் சிலோன், ஶ்ரீ லங்கா ஆனது. புல்லர்ஸ் ரோட், பௌத்தாலோக மாவத்தை ஆனதும் அப்படித்தான். விலை, பஸ் கட்டணத்துக்கு "ரிவைஸ்". ஓ.எல். பிள்ளைகளுக்கு "ரிவைஸ்" என்றால் பாடத்தை மீட்டுவது, இரண்டும் சரி.

ஒஃபிஸ் ஈமெயிலில் "பிளீஸ் ரிவேர்ட்" என்று முடிக்கிறார்கள். பதில் போடுங்கள் என்ற அர்த்தம் நம் பக்கத்து ஒஃபிஸ்களில் ஓடும், ஆனால் அதன் பொது அர்த்தம் பழைய நிலைக்குத் திரும்புவது. 1996இல் இலங்கை மணிக்கூட்டை முன்னே தள்ளியது, 2006 ஏப்ரலில் கிரீன்விச் நேரத்திலிருந்து பழைய ஐந்தரை மணி வித்தியாசத்துக்கே "ரிவேர்ட்டட்". பதில் வேண்டுமென்றால் "பிளீஸ் ரிப்ளை" போதும், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

தினமும் ரயிலில், மருதானை

ரயிலுக்கு "சேஞ்ச்"தான், ஆனால் "டிரெயின்" பன்மையில்: "சேஞ்ச் டிரெயின்ஸ் அட் மருதானை". இறங்குவதும் ஏறுவதுமாக இரண்டு ரயில். நுகேகொடைக்குப் போகும் களனிவெளிப் பாதை பிரிவது மருதானையில், புத்தளம் பாதை பிரிவது ராகமையில். நேரடி ரயில் உண்டா என்று கேட்க "டு ஐ ஹேவ் டு சேஞ்ச்?" என்றாலே போதும்.