புதுப்பிப்பு: தள்ளுபடியில் எடுத்த அந்த லினன் சட்டை

போன மாதம் கேட்டிருந்தேன்: பாதி விலைக்குக் கிடைத்த லினன் சட்டை, ஒரு சைஸ் பெரியது, வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று. வைத்துக்கொண்டேன்.

"முதலில் தோள்பட்டைத் தையலைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் தையல்காரருக்குச் சின்ன வேலை. தோள் இறங்கியிருந்தால் கையையே பிரித்துத் தைக்க வேண்டும், கூலியும் ஏறிவிடும். எனக்குத் தோள் சரியாக உட்கார்ந்தது, உடம்புதான் தொளதொள.

உடனே தைக்கக் கொடுத்துவிடவில்லை. லினன் முதல் சலவையில் சுருங்கும் (வெந்நீர் என்றால் இன்னும் அதிகம்). அதனால் 2 முறை அலசி, நிழலில் காயவைத்த பிறகே கொடுத்தேன். நல்லவேளை! நீளம் தானாகவே குறைந்திருந்தது, பக்கவாட்டில் பிடித்ததே போதுமானதாகிவிட்டது. மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே விடச் சொன்னேன். பின்னால் எடை கூடினால் பிரித்துக்கொள்ளலாம்.

இதுவரை 9 முறை போட்டாயிற்று. பொத்தான்களைத் திறந்துவிட்டு, வெள்ளை டி-ஷர்ட்டுக்கு மேல் போடுவதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. அதே தள்ளுபடியில் ஆசைப்பட்டு எடுத்த பச்சை பேன்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதோடு சேர்த்துப் போட என்னிடம் ஒரு சட்டைகூட இல்லை.