புதுப்பிப்பு: மோயல் ஷாபோட் ஏறி வந்தாயிற்று

கயிறின்றி, முன்பழக்கமில்லாத நண்பரோடு வேல்ஸின் மோயல் ஷாபோட் மலையை டையர் தீ முகடு வழியாக ஏறலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். காய்ந்த பாறையாக இருந்தால் தாராளமாக ஏறலாம் என்பதே இப்போது என் பதில்.

கேப்பல் கிரிக் அருகிலுள்ள பாண்ட் கவிங் பாலத்திலிருந்து கிளம்பி, கைவிடப்பட்ட பலகைக்கல் சுரங்கத்தையும் நீர் நிரம்பிய அதன் ஆழ்குழியையும் கடந்தால், முகட்டின் அடியில் லின் அ வோயல் ஏரி வருகிறது. ஏரிக்கரை சதுப்பு, காலணி நனையாமல் போனவர் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

பிரிட்டனின் வகைப்பாட்டில் இது முதல் தரம், அதாவது இடையிடையே கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய, மிக எளிய பாறையேற்றம். சொரசொரப்பான பாறையில் விரல்கள் உறுதியாகப் பற்றின. வலப்பக்கச் சரிவைப் பார்த்து நண்பர் தயங்கிய இடங்களில் எல்லாம் இடப்பக்கம் சற்று விலகி ஏற எளிதான வழி கிடைத்தது. பாறையின் விளிம்பை ஒட்டியே ஏறுவதுதான் சுவை என்பது என் கட்சி.

உச்சி 872 மீட்டர்தான். வேல்ஸின் மிக உயர்ந்த மலையான 1085 மீட்டர் ஸ்னோடனுக்கே கூட்டம் திரள்வதால் இங்கே நெரிசல் இல்லை. ஆனால் அந்த ஸ்னோடனை முழு வடிவில் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஈரமான நாளில் இறங்குவதற்கு முகட்டைத் தவிர்த்து, வடக்கிலுள்ள புல்சரிவைத் தேர்ந்தெடுங்கள்.