‘ஷோ’ பூஅர் தேயிலை: பழுத்ததா, புழுங்கலா?

அன்புள்ள குழுவினருக்கு,
சீன மருத்துவக் கையேடு ஒன்றில், வயிற்றுக்கு ஏற்ற தேநீர் பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். யுன்னான் மாகாணத்துப் பூஅர் தேயிலையில் ஷெங், ஷோ என்று இரண்டு வகை. ஷெங் குளிர்ச்சி, ஷோ சூடு. குளிர்ந்த, மந்தமான வயிற்றுக்கு ஷோ நல்லது என்கிறது அந்த மரபு. இந்த இரண்டு பெயர்களையும் தமிழில் ‘பச்சை’, ‘பழுத்த’ என்று எழுதலாமா?
– செ.

செ. அவர்களுக்கு,
‘பழுத்த தேயிலை’ என்றால் செடியிலேயே மஞ்சளான இலைதான் நினைவுக்கு வரும். ஷோ எப்படிச் செய்கிறார்கள்? இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிவைக்கிறார்கள். நுண்ணுயிர்களால் குவியல் தானே சூடேறி, சில வாரங்களில் இலை கறுத்துவிடுகிறது. 1973இல் குன்மிங் ஆலையில் உருவான முறை. நம்மிடம்தான் பச்சரிசி, புழுங்கலரிசி இருக்கிறதே! பச்சைப் பூஅர், புழுங்கல் பூஅர்.
– மு.

புழுங்கல் என்றால் அவித்தது, ஐயா. பொருநராற்றுப்படையின் ‘துருவையம் புழுக்கு’ வெந்த ஆட்டிறைச்சி. இங்கே அடுப்பே இல்லையே. வாழைத்தாருக்கு மூட்டம் போடுகிறோமே, அதுதான் நெருக்கம்: ‘மூட்டத் தேயிலை’.
– இரா.

அடுப்பில்லாமலும் புழுங்கும், இரா. சித்திரை இரவில் நமக்குப் புழுங்குவது எந்த அடுப்பால்? மனம் புழுங்குகிறது என்கிறோமே? வெப்பமும் ஈரமும் உள்ளே அடைபட்டால் புழுக்கம். குவியலில் நடப்பதும் அதுதான். ‘மூட்டம்’ என்றால் புகை வந்துவிடும். புகையூட்டிய தேயிலை சீனாவில் தனியாகவே உண்டு, ஃபூஜியனின் லாப்சாங் சூச்சோங்.
– மு.

எனக்கு இடிப்பது ‘பச்சை’தான். நீலகிரியில் நாங்கள் பச்சைத் தேயிலை என்பது அன்று பறித்த இலையை. கடையில் கேட்டால் கிரீன் டீ தருவார்கள். ஷெங், ஷோ என்றே விட்டுவிட்டு அடிக்குறிப்பு போடுங்கள்.
– வே.

அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள், வே. அண்ணா? ஒலிபெயர்ப்போடு நின்றால் அந்தச் சொல் வாசகருக்கு ஒன்றுமே சொல்லாது.
– இரா.

அனைவருக்கும் நன்றி. ‘புழுங்கல் பூஅர்’, ‘புழுக்காத பூஅர்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். தனிமடலில் இருவர் ஆதரித்தார்கள்.
– செ.

சரி, அச்சில் வரட்டும். எனக்கு இன்னும் மூட்டம்தான். அப்புறம், அதே இயலில் குவாங்டொங்கின் ஷின்ஹுய் ஊர்ச் சென்பி வருமே, மூன்று ஆண்டாவது பழக வைத்த கமலாத்தோல்? அதைப் ‘பழந்தோல்’ என்று எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். எல்லாரும் பழத்தின் தோல் என்றே படிப்பார்கள்.
– இரா.