தாதியியல் முதலாம் வருடம், பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

இணுவில் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் முதலாம் வருடம் படிக்கிறேன். ஏழு வயதிலிருந்து வாய்ப்பாட்டு. வட இலங்கை சங்கீத சபைச் சோதனைகள் ஒவ்வொன்றாக எடுத்து வந்தேன், ஆசிரியர் தரம்தான் மிச்சம். இப்போது அம்மா, பெரியம்மா எல்லோரும் நாலு வருடத்துக்குப் பாட்டை நிறுத்தி வை என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏ.எல். வரை தமிழில் உயிரியல் படித்துவிட்டு இப்போது உடற்கூற்றியல், உடற்றொழிலியல் எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு பக்கம் வாசித்து விளங்கிக்கொள்ள முக்கால் மணித்தியாலம் போகிறது, விடிய எழும்பினால் பாதி மறந்துவிடுகிறது. போன கிழமை செய்முறையில் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள், ஸ்டெதஸ்கோப்பில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, எல்லோருக்கும் முன்னால் கண் கலங்கிவிட்டது. இரண்டையும் கொண்டுபோன யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாடமாக்க ஏதாவது வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வோர்ட் அக்கா:
தங்கச்சி, முதலில் அந்த பிரஷர் கதைக்கு வருகிறேன். முதல் தரம் கேட்காதது உங்களுக்கு மட்டும் இல்லை. கஃப்பை, அதாவது காற்றடிக்கிற பட்டியை, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டுங்கள், மடிப்பின் உட்பக்கம் விரல் வைத்து நாடி துடிக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள், அந்த இடத்திலேயே ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். கனபேர் இடத்தைத் தேடாமல் குத்துமதிப்பாக வைப்பதால்தான் கேட்பதில்லை. காற்றைச் செக்கனுக்கு இரண்டு, மூன்று மில்லிமீற்றர் அளவில் மெதுவாக இறக்க வேண்டும். முதலில் கேட்கிற தட்டு மேல் அளவு, சத்தம் முற்றாக அடங்கும் இடம் கீழ் அளவு. 1905ல் கொரட்கொஃப் என்ற ரஷ்ய வைத்தியர் சொன்ன சத்தங்கள் இவை, இன்றைக்கும் அதே முறைதான். பருத்த கைக்குச் சின்னக் கஃப்பைக் கட்டினால் உள்ளதைவிடக் கூடக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

நாடி சீராக இல்லாத நோயாளிக்கு 15 செக்கன் பார்த்து நாலால் பெருக்கக் கூடாது, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். மூச்சு எண்ணும்போது நோயாளிக்குச் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். தாளம் தவறுவதைச் சட்டென்று பிடிக்கிற காது உங்களிடம் இருக்கிறது, அது இங்கே நன்றாக உதவும். பாட்டை விடவே வேண்டாம்.

ஊதா மூடி:
நான் ஆய்வுகூடப் பக்கம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்து முடித்தவன். பாட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, பாடமாக்குவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். காரணம் தெரியாமல் பாடமாக்கியது நிற்காது. இரத்தம் எடுக்கிற ரியூப்களை எதற்குப் பிறகு எது என்று மூடி நிறத்தால் சொல்கிற ஒழுங்கை நான் சோதனைக்காக அப்படியே ஒப்புவித்தவன். கல்ச்சர் போத்தல், நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் சிவப்பு மூடி ரியூபில் இரத்தம் குறைவாக இருந்தது. ஊதாவில் மிச்சம் இருக்கிறதே என்று அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டேன். முடிவைப் பார்த்தால் பொட்டாசியம் உயிரோடு இருக்கிற மனிதனுக்கு வரமுடியாத அளவு, கல்சியம் அடிமட்டம். ஊதாவில் இரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கிற ஈ.டி.ரி.ஏ. பொட்டாசியம் உப்பு, அது கல்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். அது ஒரு துளியும் சிவப்புக்குப் போகக் கூடாது என்றுதான் ஊதா பின்னால் வருகிறது. மேலதிகாரி பிடித்திருக்காவிட்டால் அந்த ஐயாவுக்குத் தேவையில்லாத மருந்து போயிருக்கும். திரும்ப ஊசி குத்த அவர் கையை நீட்டியபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒழுங்கு அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

வோர்ட்டில் இரத்தம் எடுக்கப்போவது நீங்கள்தான் தங்கச்சி. நீல மூடியைக் கோடு வரைக்கும் நிரப்புங்கள், அதில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிற்றேற்று, அதுவும் உறையாமல் தடுக்கிற மருந்துதான். குறைந்தால் உறையும் நேரம் பிழையாக வரும். ஊதாவை எட்டுப் பத்துத் தரம் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள், குலுக்க வேண்டாம்.

மருதனார்மடம்:
நான் இங்கே சங்கீதம் மூன்றாம் வருடம். வோர்ட் அக்காவிடம் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பாட்டை விட வேண்டாம், சரி, ஆனால் ஆசிரியர் தரத்தை இந்த வருடம் எடுக்க வேண்டாம். அதற்குரிய உருப்படிகளும், அந்தந்த நேரம் கற்பனையில் பாடுகிற மனோதர்மமும் மனம் ஆறுதலாக இருந்தால்தான் வரும், முதல் வருடப் பாரத்தோடு அதைச் செய்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும். அதுவரைக்கும் விடிய இருபது நிமிடம் சரளி வரிசை என்ற ஆரம்ப ஸ்வரப் பயிற்சியை மூன்று வேகத்திலும் பாடிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு மட்டும் மூன்று மணித்தியாலம் இருந்து பாடுவதில் குரல் நிற்காது.

பாடமாக்கும் வழி எங்களிடமே இருக்கிறது. 72 மேளகர்த்தாவை, அதாவது தாய் இராகங்களை, யாரும் வெறுமனே உருப்போடுவதில்லை. கடபயாதி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் திருப்பிப் போட்டால் மேளத்தின் எண் வரும். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் பதினைந்தாவது மேளம். மேசகல்யாணியில் மே ஐந்து, ச ஆறு, திருப்பினால் அறுபத்தைந்து. பெயருக்குள்ளேயே எண்ணை வைத்திருக்கிறார்கள். அதுபோல உங்கள் பாடத்தையும் தாளத்தில் வையுங்கள். மண்டையோட்டு நரம்புகள் பன்னிரண்டு. ரூபக தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, ஆறு அட்சரம், அதாவது ஆறு எண்ணிக்கை, அட்சரத்துக்கு ஒரு பெயர் என்றால் இரண்டு ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும். தாதியியல் படிக்கிற என் மச்சாளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், பஸ்ஸில் மடியில் தாளம் போட்டுக்கொண்டே போவாள்.

இணுவில் பிள்ளை:
அக்காமார், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் தரத்தைத் தள்ளிப்போடுவது என்று அம்மாவிடம் சொன்னேன், காலைச் சாதகத்துக்குச் சம்மதித்துவிட்டா. நரம்புகளில் ஏழாவது இடத்தில் இன்னும் தடக்குகிறது. நேற்றுப் பின்னேரம் அம்மாவின் கையில் கஃப் கட்டி, நாடியை விரலால் தேடி வைத்துப் பார்த்தேன். 124ல் முதல் தட்டு கேட்டது, 78ல் அடங்கியது. மூன்று தரம் பார்த்தேன், அம்மா கையை எடுக்கவே இல்லை.