என்ஜின்எக்ஸ் உள்ளே லுவா: எண்ணிக்கை ஏன் முன்னும் பின்னும் தாவுகிறது?

கேள்வி:
ஒரே ஐபியிலிருந்து நிமிடத்துக்கு 60 ரிக்வெஸ்டுக்கு மேல் வந்தால் 429 (அளவுக்கு மீறிய ரிக்வெஸ்ட் என்ற பிழை எண்) அனுப்ப வேண்டும். ஓபன்ரெஸ்டியில் (லுவா மொழியில் நிரல் எழுத வசதி சேர்த்த என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்) தனி லுவா மாட்யூல் எழுதி, அதில் ஒரு டேபிள் வைத்து, ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒன்று கூட்டுகிறேன். லேப்டாப்பில் சரியாக ஓடியது. சர்வரில் ஏற்றியபின் லாக்கில் 12, 13, 5, 14, 6, 3 என்று வருகிறது, 200 ரிக்வெஸ்ட் அனுப்பியும் தடுக்கவில்லை. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
சர்வரில் வொர்க்கர் ப்ராசஸ் (ரிக்வெஸ்டுகளைக் கையாளும் தனித்தனி ப்ராசஸ்) எண்ணிக்கையை ஆட்டோ என்று வைத்திருப்பீர்கள், 4 கோர் என்றால் 4 வொர்க்கர். ஒவ்வொரு வொர்க்கருக்குள்ளும் தனித்தனி லுவா விஎம் (லுவா நிரலை ஓட்டும் சூழல்) ஓடுகிறது, அதனால் உங்கள் டேபிளும் நான்கு. லாக்கைத் திரும்பப் பாருங்கள்: 12, 13, 14 ஒரு வொர்க்கர், 5, 6 இன்னொன்று, 3 வேறொன்று. லுவா ஷேர்ட் டிக்ட் என்று 10 எம்பி நினைவகம் ஒதுக்கி அதில் எண்ணுங்கள், அது எல்லா வொர்க்கருக்கும் பொது. கெட் செய்து, கூட்டி, செட் செய்யாதீர்கள், இடையில் இன்னொரு வொர்க்கர் புகுந்துவிடும். ஷேர்ட் டிக்டின் இன்க்ர் (எண்ணைக் கூட்டும் கட்டளை) ஒரே அழைப்பில் முடிக்கும், 60 விநாடி ஆயுளையும் அதிலேயே கொடுக்கலாம்.

பதில் 2:
இதற்கு லுவாவே எதற்கு? ரிக்வெஸ்டைக் கட்டுப்படுத்த என்ஜின்எக்ஸிலேயே லிமிட் ரெக் இருக்கிறதே. ஆனால் நிமிடத்துக்கு 60 என்றால் அது விநாடிக்கு ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்ளும், பர்ஸ்ட் (திடீரென்று கூடுதலாக வருபவற்றுக்கான இடம்) கொடுக்காவிட்டால் அடுத்தடுத்து வரும் இரண்டாவதையே தடுக்கும். தடுக்கும்போது 503 (சேவை இல்லை என்ற பிழை எண்) போகும், 429 வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

கேட்டவர்:
ஷேர்ட் டிக்டுக்கு மாற்றிவிட்டேன், 61வது ரிக்வெஸ்டுக்குச் சரியாக 429 வந்தது, ரொம்ப நன்றி. லிமிட் ரெக் எனக்குப் போதாது, ஏனென்றால் வாடிக்கையாளரின் திட்டத்தைப் பொறுத்து வரம்பு மாறும், அதை அடுத்து ரெடிஸ் டேட்டாபேஸிலிருந்து லுவாசாக்கெட் (லுவாவின் பொதுவான நெட்வொர்க் லைப்ரரி) வழியாக எடுக்கப்போகிறேன்.

பதில் 1:
லுவாசாக்கெட் மட்டும் வேண்டாம்! ரெடிஸ் பதில் சொல்லும்வரை அந்த வொர்க்கர் முழுதும் நின்றுவிடும், அதில் தொங்கும் நூற்றுக்கணக்கான இணைப்புகளும் சேர்ந்து காத்திருக்கும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் இதே தவறால், சிபியு சும்மா இருக்க, தளம் மட்டும் ஆமையாக நகர்ந்தது, காரணம் பிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. லுவா ரெஸ்டி ரெடிஸ் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள், அது காத்திருக்கும் நேரத்தில் வொர்க்கரை மற்ற ரிக்வெஸ்டுகளுக்கு விட்டுவிடும். வேலை முடிந்ததும் இணைப்பை மூடாமல், மறுபடி பயன்படுத்தக் கீப்அலைவில் போடுங்கள்.